ஒன்பதாம் நிமிடத்துக் கைதட்டல்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரையும் அதையொட்டிய தொழிற்பகுதியையும் சேர்ந்தவை ஆஸ்டன் வில்லா, வெஸ்ட் ப்ரோம்விச் ஆல்பியன் என்னும் இரு கால்பந்துக் கழகங்கள். இரண்டும் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமை கொண்டவை. இரண்டின் ரசிகர்களும் பரம வைரிகள். ஆனால் ஒரு பழக்கம் இரு தரப்பாருக்கும் பொதுவாக அமைந்தது. 2012 மார்ச் மாதம் வில்லா அணித் தலைவர் ஸ்டிலியன் பெட்ரோவுக்குக் கடுமையான ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் அணிந்திருந்த சட்டையின் எண் 19. அன்றுமுதல் ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்தொன்பதாம் நிமிடம் தொடங்கியவுடன் ரசிகர்கள் எழுந்து நின்று, நிமிடம் முடியும் வரை கைதட்டினார்கள். எதிரணியின் ரசிகர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அவர் சிகிச்சை பெற்ற காலத்திலும், 2013 மே மாதம் ஓய்வை அறிவித்தபோதும் அந்தக் கைதட்டல் அவருடன் இருந்தது.

2014இல் வெஸ்ட் ப்ரோம்விச் ரசிகர்களும் கைதட்டத் தொடங்கினார்கள். அவர்களது நிமிடம் ஒன்பது. அது ஜெஃப் ஆஸ்டில் அணிந்த சட்டையின் எண். ஆனால் ஆஸ்டில் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்ரோவுக்காக எழுந்தது ஆறுதலின் ஓசை. ஆஸ்டிலுக்காக எழுந்தது ஒரு கோரிக்கை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உழைப்பாளி மக்களின் இயக்கம் கூர்ந்து கவனிக்க வேண்டியது.

தலையால் பிழைத்தவர்

ஜெஃப் ஆஸ்டில் 1964 முதல் 1974 வரை வெஸ்ட் ப்ரோம்விச் அணிக்காக ஆடி, 174 கோல்கள் அடித்தவர். 1968ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்தார்; இறுதி ஆட்டத்தில் எவர்ட்டன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கிடைத்த ஒரே கோலும் அவருடையதே. ரசிகர்கள் அவரை ‘மன்னர்’ என்றே அழைத்தார்கள். 1970 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காகவும் களமிறங்கினார். பந்தைத் தலையால் அடித்து வலைக்குள் செலுத்துவதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரிது. ஆட்டங்களில் அடித்ததைவிடப் பயிற்சிக் களத்தில் அவர் தலையால் அடித்த பந்துகள் பன்மடங்கு.

அந்தத் தலைமுறை வீரர்கள் செல்வந்தர்கள் அல்லர். 1961 வரை இங்கிலாந்தில் ஒரு தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியே இருந்தது. வீரர்களின் தொழிற்சங்கம் வேலைநிறுத்த அறிவிப்புச் செய்த பிறகுதான் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரரையும் விடுவிக்காமல் வைத்திருக்கக் கழகங்களுக்கு இருந்த அதிகாரம் 1963ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே தளர்ந்தது. ஓய்வுபெற்ற பின் ஆஸ்டில் செய்த தொழில், வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பது.

ஐம்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் அவரது நினைவு சிதையத் தொடங்கியது. தாம் ஒரு கால்பந்து வீரராக இருந்ததே அவருக்கு நினைவில்லாமல் போனதாகக் குடும்பத்தார் கூறியிருக்கிறார்கள். 2002 ஜனவரி 19 அன்று, 59ஆம் வயதில் அவர் இறந்தார். மறுநாள் நடந்த ஆட்டத்தில் கோல் அடித்த வெஸ்ட் ப்ரோம்விச் வீரர் ஜேசன் ராபர்ட்ஸ், சட்டையைத் தூக்கி உள்ளே அணிந்திருந்த ஆஸ்டிலின் படத்தைக் காட்டினார். அடுத்த ஆண்டு மைதானத்தின் வாயில்களில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். ஒரு வீரர் நோயுற்றார், ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள், ஒரு வாயில் எழுந்தது என்பதோடு செய்தித்தாள்கள் நிறுத்திக்கொள்ளும். ஆனால் 2002 நவம்பரில், மரணத்தின் காரணத்தை விசாரித்த கரோனர் அளித்த முடிவு வேறொரு கதையைத் தொடங்கிவைத்தது. பல ஆண்டுகள் பந்தைத் தலையால் அடித்ததே மூளைச் சிதைவுக்குக் காரணமாக அமைந்தது என்று கூறிய அவர், மரணத்தின் வகையை ‘தொழில் நோய்’ என்று பதிவு செய்தார்.

அச்சொல்லை உருவாக்கியவர்கள்

‘தொழில் நோய்’ என்ற சொல் கால்பந்துக் கழகங்களின் கொடையன்று. மருத்துவர்களின் கண்டுபிடிப்பு மட்டுமும் அன்று. ஈயத்தால் நஞ்சேறிய பாண்டத் தொழிலாளர்கள், பாஸ்பரஸ் புகையால் தாடை அழுகிய தீப்பெட்டித் தொழிலாளர்கள், கம்பளியிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றிய ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் உடல்களிலிருந்து பிறந்த சொல் அது. 1906ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டந்தான் முதன்முதலாக விபத்தோடு நோயையும் சேர்த்தது. அப்போது பட்டியலில் இருந்தவை ஆறே நோய்கள். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கருகிய சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் நோயை முழுமையாக அங்கீகரிக்கச் செய்ய மேலும் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ‘புகைபிடித்ததால் வந்தது’, ‘பரம்பரையாக வந்தது’, ‘வயதானால் வருவது’ என்று முதலாளிகள் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.

ஆஸ்டிலின் குடும்பத்துக்கும் ஏறத்தாழ அதே பதில்தான் கிடைத்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் வீரர்கள் சங்கமும் அறிவித்த ஆய்வு, முடிவு எதையும் தராமல் மங்கிப்போனது. ‘வயதானால் மறதி வரும்’ என்ற வாக்கியம் பன்னிரண்டு ஆண்டுகள் பதிலாக நின்றது. அந்த மௌனத்தை உடைத்தது ஒன்பதாம் நிமிடத்துக் கைதட்டல். ‘ஜெஃபுக்கு நீதி’ என்ற பதாகையுடன் குடும்பத்தினரும் ரசிகர்களும் இயக்கம் தொடங்கியபோது, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மூளைத் திசுவை கிளாஸ்கோ நரம்பியல் நோய்க்கூறு வல்லுநர் வில்லி ஸ்டூவர்ட் மறுபடியும் ஆராய்ந்தார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் உண்டாகும் மூளைச் சிதைவு நோய், குத்துச்சண்டை வீரர்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட அதே நோய், அதில் தெரிந்தது. அவ்வாண்டே கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அக்குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

எண்கள் சொல்வது

2019 அக்டோபரில் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு இவ்விஷயத்தை ஒரு குடும்பத்தின் துயரம் என்ற நிலையிலிருந்து உயர்த்தியது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகள், அதே வயதும் அதே சமூகப் பின்னணியும் கொண்ட பொதுமக்கள் 23,028 பேரின் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டன. நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் அபாயம் வீரர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அல்சைமர் நோயைத் தனியே எடுத்தால் ஐந்து மடங்கு. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தவர்கள் வீரர்களிடையே குறைவு என்பதையும் அதே ஆய்வு கூறியது. விளையாட்டு உடலுக்கு நன்மை செய்கிறது; ஆனால் மூளை விலை கொடுக்கிறது.

2021இல் அதே குழு மேலும் ஒரு படி சென்றது. தலையால் பந்தடிக்க வேண்டிய தேவை அதிகம் இல்லாத கோல்காப்பாளர்களுக்கு அபாயம் பொதுமக்களின் அளவிலேயே இருந்தது. தற்காப்பு வீரர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எத்தனை ஆண்டுகள் ஆடினார்களோ அதற்கேற்ப அபாயமும் கூடியது. எந்த எந்திரத்தில் நின்றார், எத்தனை ஆண்டு நின்றார் என்று தொழிற்சாலை மருத்துவம் கேட்கும் அதே இரண்டு கேள்விகள் இங்கும் பொருந்துகின்றன.

இந்த ஆய்வு ஸ்காட்லாந்தில் சாத்தியமானது எப்படி? அங்கு மக்களின் மருத்துவம் அரசின் பொறுப்பில் இருப்பதால்தான். ஒருவர் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், என்ன மருந்து பெற்றார், எதனால் இறந்தார் என்ற விவரங்கள் ஒரே பொதுச் சுகாதார அமைப்பின் பதிவேடுகளில் உள்ளன. இந்தியாவிலோ, 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் குறித்துச் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மருத்துவம் தனியார் கடைகளாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில் தொழிலாளியின் நோய் எண்ணிக்கையில் சேர்வதில்லை. எண்ணப்படாத நோய்க்கு இழப்பீடும் இல்லை.

ரசிகர்களின் அன்பும் அதன் எல்லையும்

ரசிகர்களின் அன்பைச் சிலர் வெறும் நாயக வழிபாடு என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அது சரியன்று. வெஸ்ட் ப்ரோம்விச் சுற்றிலும் வார்ப்பாலைகளும் உலைக்களங்களும் நிறைந்திருந்த பகுதி. சனிக்கிழமை மாலைகளில் மைதானத்தில் நின்றவர்கள் அந்த ஆலைகளில் வாரம் முழுதும் உழைத்தவர்கள். தங்களில் ஒருவனாகவே ஆஸ்டிலை அவர்கள் கண்டார்கள். நோயுற்ற வீரனுக்காக அவர்கள் எழுந்து நின்றதில் வர்க்கத்தின் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அந்த அன்பு எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதே கேள்வி. 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் நாபி ஸ்டைல்ஸ், மார்ட்டின் பீட்டர்ஸ், ரே வில்சன், ஜாக் சார்ல்டன், பாபி சார்ல்டன் ஆகியோர் மறதி நோய்க்கு ஆளானார்கள். இவர்களில் ஸ்டைல்ஸ், உடல்நலம் குன்றியிருந்த 2010ஆம் ஆண்டில் தமது பதக்கங்களைக் குடும்பத்துக்காக ஏலத்தில் விற்றார். உலகக் கோப்பைப் பதக்கத்தை வாங்கியது அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் கழகமே. அது கழகத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. தொழிலாளிக்கு ஓய்வூதியமாகச் சேர வேண்டிய பணம், அவரது பதக்கத்தின் விலையாகச் சேர்ந்தது. இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரோ 2025 முதல் நான்கு பருவங்களுக்கு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை மட்டும் 670 கோடி பவுனுக்கு விற்றிருக்கிறது. நோயுற்ற வீரர்களின் குடும்பங்களுக்காக 2023இல் அத்தொடரும் வீரர்கள் சங்கமும் அறிவித்த நிதியின் தொடக்கத் தொகை 10 லட்சம் பவுன்.

நன்கொடை ஆட்டம், ஏலம், உண்டியல், ஒரு நிமிடக் கைதட்டல் ஆகிய யாவும் ரசிகர்களின் தரப்பிலிருந்து உண்மையானவை. அவற்றின் பின்னால் கழக உரிமையாளர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. உரிமை இருக்க வேண்டிய இடத்தில் இரக்கத்தை வைத்துவிட்டால், கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் கொடுப்பவரின் விருப்பமாகிவிடும். புகழ்பெற்றவருக்கு உண்டியல் நிறையும். மூன்றாம் நிலைத் தொடரில் பதினைந்து ஆண்டு ஆடி, எவர் நினைவிலும் தங்காமல் போன வீரரின் மனைவி தனியாகவே அவரைப் பராமரிக்க வேண்டியிருக்கும். சட்டத்தின் பட்டியலில் நோய் ஏறினால் இருவருக்கும் ஒரே உரிமை. முன்னாள் வீரர்களின் மறதி நோயை பிரிட்டிஷ் அரசின் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையின் உட்பொருள் இதுவே.

எதிர்வாதங்கள்

பழைய தோல்பந்து மழையில் நனைந்து கனத்தது, இன்றைய பந்து அப்படியல்ல, ஆகவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பது முதல் எதிர்வாதம். 1910 முதல் 1969 வரை பிறந்தவர்களை உள்ளடக்கிய கிளாஸ்கோ ஆய்வில், பிறந்த காலத்தைப் பொறுத்து அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. இன்றைய பந்து நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் முன்னைவிட வேகமாக வருகிறது.

விரும்பித்தானே ஆடினார்கள் என்பது இரண்டாவது. சுரங்கத்துக்குள்ளும் எவரும் கட்டியிழுத்துச் செல்லப்படவில்லை. அபாயம் தெரிந்தவர் ஒருவர், அதை மறைத்தவர் மற்றொருவர் என்றிருக்கும்போது விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

தலையால் அடிப்பதை நிறுத்தினால் ஆட்டமே செத்துவிடும் என்பது மூன்றாவது. நிறுத்தச் சொன்னவர் அரிது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக் கால்பந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளின் பயிற்சியில் தலையால் பந்தடிப்பதை நீக்கின. 2021இல் இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களுக்கும் வேகமான பந்துகளைத் தலையால் அடிப்பதற்கு வாரத்துக்குப் பத்து என்ற பயிற்சி வரம்பு பரிந்துரைக்கப்பட்டது. ஆட்டம் சாகவில்லை. ஆபத்தைக் குறைத்தால் தொழிலே அழியும் என்பது முதலாளிகள் ஆலைச் சட்டம் வந்த நாள்முதல் சொல்லிவருவது.

மைதானின் ‘படே மியான்’

இந்தியாவிலும் ரசிகர்களின் அன்புக்குக் குறைவில்லை. ஹைதராபாத்தில் பிறந்த முகமது ஹபீப் 1966இல் கொல்கத்தா வந்து, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடியவர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். 1977 செப்டம்பரில் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்தில் ஒரு கோல் ஹபீபுடையது. வேறு வேலைவாய்ப்புகளை ஏற்காமல் கால்பந்தையே தொழிலாகக் கொண்டவர் என்று அவரைப் போற்றுவார்கள். பிரிவினையின் காயங்களைச் சுமந்த கிழக்கு வங்க அகதிகளின் கழகம், தெலுங்கு மண்ணிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞரைத் தன் நாயகனாகத் தோளில் தூக்கியது. அவரை ‘படே மியான்’ என்று கொல்கத்தா செல்லமாக அழைத்தது. மதத்தின் பெயரால் மனிதரை மதிப்பிடும் அரசியல் ஓங்கியுள்ள இந்நாளில் இது நினைவில் வைக்கத் தக்கது.

இறுதி ஆண்டுகளில் ஹபீப் மறதி நோயாலும் பார்க்கின்சன் நோயாலும் அவதிப்பட்டார். 2023 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில், 74ஆம் வயதில் காலமானார். கொல்கத்தா அழுதது. அவரது நோய்க்குப் பந்துதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வது நேர்மையும் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான அமைப்பு இங்கே எழவேண்டும் என்று கோருவது நேர்மைதான்.

இந்தியச் சட்டத்துக்கு இந்தக் கருத்து புதியதன்று. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை தொழில் நோய்களின் பட்டியல். 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அத்தகைய அட்டவணை உள்ளது. சிலிக்கோசிஸ் நோய் சட்டத்தில் இடம்பெற்றிருந்தும், கல்குவாரிகளிலும் கல்லறுக்கும் பட்டறைகளிலும் வேலை செய்வோர் அதற்கான இழப்பீட்டைப் பெற இன்றளவும் அலைகிறார்கள். பட்டியலில் இருக்கும் நோய்க்கே இந்நிலை என்றால், தொழிலாளி என்றே கருதப்படாத விளையாட்டு வீரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் விளையாட்டு ஓய்வூதியம் சர்வதேசப் பதக்கம் வென்றோருக்கு உரியது. மற்றவர்களுக்கு, வறிய நிலையில் இருப்பதாக விண்ணப்பித்து நிதியுதவி கேட்கும் வழி உண்டு. அதாவது, முன்னாள் வீரர் முதலில் தமது வறுமையை நிரூபிக்க வேண்டும்.

ஒருகாலத்தில் ரயில்வே, காவல்துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளே இந்திய வீரர்களுக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் மருத்துவமும் தந்தன. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற அணியை உருவாக்கிய எஸ்.ஏ. ரஹீம் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளர். தனியார்மயம் அந்த வேலைகளைச் சுருக்கியது. அதன் இடத்தில் ஒப்பந்தமும் ஒளிபரப்பும் வந்தன. 2025இல் வணிக உரிமை குறித்த பூசலால் இந்தியாவின் முதல்நிலைத் தொடர் உரிய காலத்தில் தொடங்காமல் போனபோது, சில கழகங்கள் வீரர்களின் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. மலபாரின் செவன்ஸ் ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி பெற்று ஆடும் இளைஞர்களுக்கு நாளைய மூளைநோய் இருக்கட்டும், இன்றைய முழங்கால் முறிவுக்கே உத்தரவாதம் இல்லை.

செய்ய வேண்டியவை

ஊதியம் பெற்று ஆடும் எவரும் தொழிலாளியே என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும். ஊழியர் அரசு காப்பீடு அவர்களுக்கும் விரிய வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கட்டுமானச் செலவில் தீர்வை விதிக்கப்படுவதுபோல, ஒளிபரப்பு உரிமை வருவாயில் தீர்வை விதித்து விளையாட்டுத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கலாம். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு 1978இலேயே சட்டம் இயற்றிய கேரளம் இதற்கும் முன்னோடியாகலாம். முன்னாள் வீரர்களின் நலப் பதிவேடு ஒன்றைப் பொது மருத்துவமனைகளின் வழியே தொடங்க வேண்டும். குழந்தைகளின் பயிற்சியில் தலையால் பந்தடிப்பதற்கு வரம்பு வேண்டும்.

இவற்றில் பல, அரசை வற்புறுத்திப் பெற வேண்டியவை. ஆனால் ஒன்றிரண்டு நாளையே செய்யக்கூடியவை. நாடெங்கும் இளைஞர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் தியாகிகளின் பெயரால் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டிகள் நடத்துகின்றன. தலையில் அடிபட்ட வீரரை அன்றைய ஆட்டத்தில் மறுபடியும் இறக்குவதில்லை, அவருக்கு மாற்று வீரரைத் தடையின்றி அனுமதிப்பது, ஆடுவோர் அனைவருக்கும் போட்டிக்கால விபத்துக் காப்பீடு செய்வது என்ற மூன்று விதிகளையும் அந்தப் போட்டிகளின் அறிவிப்புத் தாளிலேயே அச்சிடலாம். இதற்கு எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.